ரூம் பார்த்துத் தாங்கோ

ஆகஸ்ட் மாதமும் டிசம்பர் மாதமும் வந்தால் ஹரோவில் இருக்கிற தமிழ்க் குடும்பங்களின் ஃபோன்களுக்கு ஒரே மாதிரியான செய்தி வரும். யாழ்ப்பாணத்தில் இருந்தோ வவுனியாவில் இருந்தோ சென்னையில் இருந்தோ, ஒரு சித்தப்பா, ஒரு மாமி, அல்லது அம்மாவோடு படித்த ஒருவர். "பிள்ளை மாஸ்டர்ஸ் படிக்க வாறான். உங்கட பக்கம் ஒரு ரூம் பார்த்துத் தாங்கோ. துப்புரவா இருக்கோணும், வாடகையும் கூடாமல் இருக்கோணும். எங்கட ஆக்கள்ட வீடெண்டால் நல்லது."

மறுக்க முடியாது. நாங்கள் இங்கே பிறந்தவர்கள், அல்லது மூன்று நான்கு வயதில் வந்தவர்கள். இந்த ஊர் எங்களுக்கு அத்துப்படி என்று அவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் எங்களில் பலர் ஒற்றை அறைக்கு வாடகை கொடுத்து அந்நியர் வீட்டில் இருந்ததே இல்லை. அப்பா அம்மா வாங்கின வீட்டில் வளர்ந்து, பல்கலைக்கழக விடுதியில் மூன்று வருடம் இருந்து, பிறகு நேரே மோர்ட்கேஜுக்குப் போனவர்கள். பகல் வேலைக்காரர் எழும்பிப் போன மெத்தையில் இரவு வேலைக்காரர் வந்து படுத்த 1980களின் கதை அப்பாமாரின் கதை. கேட்டிருக்கிறோம், பட்டதில்லை.

அந்தச் செய்தியில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன: துப்புரவு, மலிவு, எங்கட ஆக்கள். மூன்றுமே நியாயமான ஆசைகள். ஆனால் சந்தையில் மண்சட்டி வாங்கும்போது தட்டிப் பார்த்து வாங்குகிற மாதிரி, மூன்றையும் ஒருமுறை தட்டிப் பார்க்கவேண்டும். முக்கியமாக மூன்றாவதை.

துப்புரவு என்றால் என்ன?

ஹரோ என்கிற ஊரே ஒரு காலத்தில் "சுத்தமான, கட்டுப்படியாகிற இடம்" என்று விளம்பரம் செய்து விற்கப்பட்டதுதான். மெட்ரோபொலிட்டன் ரயில் 1880இல் ஹரோவுக்கு வந்தது. 1915இல் இருந்து 1932 வரை அந்த ரயில் கம்பனி "மெட்ரோ-லாண்ட்" என்ற பெயரில் ஆண்டுதோறும் ஒரு கையேடு வெளியிட்டது. லண்டன் புகையை விட்டு வெளியே வாருங்கள், நல்ல காற்று, தோட்டத்தோடு வீடு, ரயிலில் வேலைக்குப் போகலாம் என்பதுதான் அதன் செய்தி. ரேனர்ஸ் லேன், நோர்த் ஹரோ, கென்டன் பக்கம் இன்று நாங்கள் பார்க்கிற இரட்டை வீடுகளில் பெரும்பகுதி 1920களிலும் 30களிலும் எழும்பியவை.

அந்த வீடுகளின் மாடியில் இரண்டு பெரிய அறை, வாசலுக்கு மேலே ஒரு சின்ன அறை. ஒரு தகப்பன், ஒரு தாய், ஒன்றிரண்டு பிள்ளைகள் என்ற கணக்கில் போட்ட வரைபடம். இன்று அதே வீட்டில் ஒரு குடும்பமும் இரண்டு வாடகைப் பிள்ளைகளும் இருக்கலாம். காலையில் ஆறு பேர் குளிக்கிறார்கள். பின்னேரம் சோறும் கறியும் அவிகிறது. குளிர்காலத்தில் ஆறு பேரின் உடுப்பும் ரேடியேட்டரில் காய்கிறது. இவ்வளவு நீராவியும் எங்கே போகும்? ஜன்னலைத் திறந்தால் ஹீட்டிங் காசு போகுது என்று யாரும் திறப்பதில்லை. ஆவி வீட்டில் எது அதிகம் குளிர்ந்திருக்கோ அந்தச் சுவரில் போய்த் தண்ணீராகிறது. பெரும்பாலும் அது வெளிப்பக்கச் சுவர் இரண்டு சேருகிற மூலை, அல்லது அலுமாரிக்குப் பின்னால். அங்கேதான் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கிறது.

ஆகவே துப்புரவான அறை என்றால் கூட்டித் துடைத்த அறை இல்லை, உலர்ந்த அறை. புதுப் பெயின்ட் வாசம் வந்தால் சந்தோஷப்படாதேயுங்கோ; ஏன் இந்த ஒரு மூலைக்கு மட்டும் பெயின்ட் அடித்திருக்கு என்று கேளுங்கோ.

இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. ரொச்டேல் நகரில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுப் பிள்ளை இறந்தான். சூடானில் இருந்து வந்த குடும்பம், ஒரு படுக்கையறை உள்ள சமூக வாடகை வீடு. பூஞ்சணம் பற்றித் தகப்பன் 2017இலேயே முறையிட்டார். அதற்கு மேலே பெயின்ட் அடிக்கச் சொன்னார்கள். வீட்டில் இருந்த பூஞ்சணத்தை நீண்டகாலம் சுவாசித்ததால் வந்த நோயே மரணத்துக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். உங்கள் வாழ்க்கை முறையால்தான் ஈரம் என்ற எண்ணம் அந்த வீட்டு நிறுவனத்திடம் இருந்தது. பிறகு அதை அவர்களே ஒத்துக்கொண்டார்கள். "நீங்கள் கூடச் சமைக்கிறீங்கள், அதுதான்" என்று வீட்டு ஏஜென்ட் சொல்லிக் கேட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

அந்தப் பிள்ளையின் பெயரால் வந்த சட்டம் 2025 ஒக்டோபர் 27 முதல் சமூக வாடகை வீடுகளுக்கு நடைமுறைக்கு வந்தது. உயிருக்கு ஆபத்தான குறை என்றால் 24 மணித்தியாலத்துக்குள் நடவடிக்கை. பாரதூரமான ஈரம், பூஞ்சணம் என்றால் 10 வேலைநாட்களுக்குள் வந்து பரிசோதிக்கவேண்டும். தனியார் வீடுகளுக்கும் இதை விரிவாக்கச் சட்டத்தில் வழி செய்திருக்கிறார்கள். அது வரும்வரை எங்கள் கண்ணும் மூக்கும்தான் பரிசோதகர்.

அறை பார்க்கப் போகும்போது இவற்றைச் செய்யுங்கோ. அலுமாரியைச் சுவரில் இருந்து ஒரு சாண் இழுத்துப் பாருங்கோ. மெத்தையைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கோ. ஜன்னல் விளிம்பில் விரலை வைத்துப் பாருங்கோ. குளியலறையில் காற்று உறிஞ்சும் விசிறியைப் போட்டு, அதில் ஒரு டிஷ்யூ தாளை ஒட்டிப் பாருங்கோ. தாள் நிற்காவிட்டால் அது சத்தம் மட்டும் போடுகிற விசிறி. சமையலறைச் சிங்குக்குக் கீழே திறந்து எலிப் புழுக்கை இருக்கா என்று பாருங்கோ. முடிந்தால் மழை பெய்த அடுத்த நாள் போங்கோ. கோடை காலத்தில் எல்லா அறையும் நல்ல அறைதான்.

அளவும் பாருங்கோ. அந்தப் பொக்ஸ் ரூம் 7 அடி நீளம், 6 அடி அகலம் என்றால் 42 சதுர அடி. 1985ஆம் ஆண்டு வீட்டுச் சட்டத்தின் நெரிசல் கணக்கில் 50 சதுர அடிக்குக் குறைந்த அறை படுக்கும் அறையாகவே எண்ணப்படாது. ஒரு பெரிய ஆளுக்கு 70 சதுர அடி வேண்டும். உரிமம் பெற்ற பகிர்வு வீடுகளுக்கும் 2018 முதல் ஏறத்தாழ இதே அளவுதான்: 6.51 சதுர மீற்றர். ஒரு கட்டில் போட்டால் கதவு முழுதாகத் திறக்காத அறைக்குப் பெயர் வேறு.

மலிவு என்றால் எவ்வளவு?

வாடகை மட்டும் விலை இல்லை. வாடகை, ஹீட்டிங், கவுன்சில் வரி, போக்குவரத்து நான்கையும் கூட்டி வருவதுதான் விலை.

முழு ஃபிளாட் எடுப்பவர்கள் கவுன்சில் வரியைத் தனியே கட்டவேண்டும். ஹரோவின் வரி லண்டனில் உயர்ந்தவற்றுள் ஒன்று. பக்கத்துப் பிரென்டில் அதைவிடக் குறைவு. கென்டன் ரோட்டின் சில பகுதிகளில் வீதியின் ஒரு பக்கம் ஹரோ, மறுபக்கம் பிரென்ட். ஆகவே விளம்பரத்தில் இருக்கிற ஊர்ப் பெயரை நம்பாமல் எந்தக் கவுன்சில் என்று பாருங்கோ. முழுநேர மாணவர்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்கு இந்த வரி இல்லை. தனியே ஒரு பெரியவர் மட்டும் இருந்தால் 25 வீதம் கழிவு. தமிழ் வீட்டில் ஒரு அறை மட்டும் எடுக்கிறவருக்கு அந்தத் தலையிடி வீட்டுக்காரருடையது.

பிறகு டியூப். ஹரோ-ஒன்-த-ஹில், வெஸ்ட் ஹரோ, சவுத் ஹரோ, ரேனர்ஸ் லேன், ஹரோ அண்ட் வீல்ட்ஸ்டோன் எல்லாம் 5ஆம் வலயம். கென்டன், நோர்த்விக் பார்க், சட்பரி ஹில், குவீன்ஸ்பரி 4ஆம் வலயம். கிழமைக்கு ஐந்து நாள் நகரத்துக்குப் போகிறவருக்கு அந்த ஒரு வலயம் மாத முடிவில் கையைக் கடிக்கும். வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஹரோ வளாகத்தில் படிக்கிறவருக்கோ, நோர்த்விக் பார்க் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவருக்கோ நடந்து போகிற தூரத்தில் 50 பவுண் கூடக் கொடுத்தாலும் அதுதான் மலிவு. பஸ்ஸுக்கு வலயம் கிடையாது, தூரம் எவ்வளவானாலும் ஒரே கட்டணம், ஒரு மணித்தியாலத்துக்குள் மாறி ஏறினாலும் அதே கட்டணம். பார்ட்-டைம் வேலை எங்கே என்று தெரிந்த பிறகு பஸ் வழியில் அறை பாருங்கோ.

இரவு வேலை என்றால் இன்னொரு விஷயம். வெள்ளி, சனி இரவுகளில் ஓடுகிற நைட் டியூப் மெட்ரோபொலிட்டன் லைனில் இல்லை. ஜுபிலி லைனில் இருக்கிறது. அதாவது ஸ்டன்மோர், கனன்ஸ் பார்க், குவீன்ஸ்பரி, கிங்ஸ்பரி பக்கம் இருக்கிறவர் சனிக்கிழமை இரவு இரண்டு மணிக்கும் ரயிலில் வீடு வரலாம். ஹரோ-ஒன்-த-ஹில் பக்கத்தில் இருக்கிறவர் இரவு பஸ்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். பெண்பிள்ளைக்கு அறை தேடுகிறவர்கள் இதை முதலில் யோசிக்கவேண்டும்.

ஹீட்டிங்குக்கு ஒரு சுலபமான வழி: வீட்டின் ஆற்றல் சான்றிதழ். அரசாங்க இணையத்தளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் A முதல் G வரை எந்தத் தரம் என்று யாரும் பார்க்கலாம். பொதுவாக E தரத்துக்குக் கீழே இருக்கிற வீட்டை வாடகைக்கு விடக்கூடாது. "எல்லா பில்லும் சேர்த்து" என்று சொன்னால் அடுத்த கேள்வி: ஹீட்டிங் சுவிட்ச் யாருடைய கையில்? காலையில் ஒரு மணித்தியாலம், இரவில் ஒரு மணித்தியாலம் என்று வீட்டுக்காரர் பூட்டி வைத்திருந்தால் அந்த அறை உலராது. மேலே சொன்ன பூஞ்சணத்துக்கும் இந்தச் சுவிட்சுக்கும் நேர் தொடர்பு.

எங்கட ஆக்கள்ட வீடு

இப்போது மூன்றாவதுக்கு வருவோம். புதிதாக வருகிற பிள்ளைக்குத் தமிழ் வீட்டில் ஓர் அறை என்பது பெரிய ஆறுதல். காய்ச்சல் வந்தால் இரசம் வைத்துத் தர ஒருவர் இருப்பார். ஊரில் அம்மா நிம்மதியாகத் தூங்குவார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் சட்டத்தின் கண்ணில் இந்த ஏற்பாடுதான் எல்லாவற்றிலும் பலவீனமானது. இதைப் பலர் தலைகீழாக விளங்கி வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்காரர் இல்லாத வீட்டை ஏஜென்ட் மூலம் எடுத்தால் நீங்கள் வாடகைக் குடியிருப்பாளர். டிபொசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. மாதம் 1,500 பவுண் வாடகை என்றால் அது 1,730 பவுண் அளவில் வரும். அந்தக் காசை 30 நாட்களுக்குள் அரசு அங்கீகரித்த மூன்று திட்டங்களில் ஒன்றில் போடவேண்டும். 2025ஆம் ஆண்டின் வாடகையாளர் உரிமைச் சட்டப்படி 2026 மே 1 முதல் காரணம் சொல்லாமல் எழுப்புகிற 21ஆம் பிரிவு நோட்டீஸ் கிடையாது. விளம்பரத்தில் போட்ட வாடகைக்கு மேல் ஏலம் கேட்கக்கூடாது. குடிவரும் முன் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணமும் கேட்கக்கூடாது. இங்கே கடன் வரலாறு இல்லை என்பதற்காகப் புதிதாக வருகிறவரிடம் ஆறு மாத வாடகையை மொத்தமாக வாங்கிய வழக்கத்துக்கு அது முற்றுப்புள்ளி.

வீட்டுக்காரரோடு ஒரே வீட்டில், ஒரே சமையலறையில் இருந்தால் நீங்கள் குடியிருப்பாளர் இல்லை, லொட்ஜர். மே மாதச் சட்டம் லொட்ஜருக்குப் பொருந்தாது. டிபொசிட்டைத் திட்டத்தில் போடவேண்டிய கடமையும் வீட்டுக்காரருக்கு இல்லை. நியாயமான அளவு நோட்டீஸ் கொடுத்தால் போதும், கோர்ட்டுக்குப் போகாமலே எழுப்பலாம். மாதா மாதம் வாடகை கொடுக்கிறவருக்கு அந்த நியாயமான அளவு வழக்கமாக ஒரு மாதம்.

அதாவது, அந்நியர் வீட்டில் சட்டம் காவல் நிற்கிறது. எங்கட ஆக்கள்ட வீட்டில் காவல் நிற்பது உறவு மட்டும்தான். உறவு நன்றாக இருக்கும்வரை ஒரு பிரச்சினையும் இல்லை. ஒரு நாள் குளியலறை விஷயத்திலோ, இரவு பதினொரு மணிக்கு மீன் பொரித்த விஷயத்திலோ மனம் கசந்தால், அந்தப் பிள்ளை பெட்டியோடு வீதியில். அதைவிட மோசம், ஒன்றும் பேசாமல் பொறுத்துக்கொண்டு இருக்கும். அப்பாவின் சிநேகிதர் வீடாச்சே, எப்படிக் குறை சொல்லுறது? அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் வளர்ந்துகொண்டே போகும்.

இதற்கு மருந்து ஒரு கடதாசி. ஒரு பக்கம் போதும். வாடகை எவ்வளவு, எந்தத் திகதி, டிபொசிட் எவ்வளவு, எந்தக் காரணத்துக்கு அதில் கழிக்கலாம், இரண்டு பக்கமும் எத்தனை நாள் நோட்டீஸ், ஹீட்டிங் எந்த நேரம், சமையலறை எந்த நேரம். இருவரும் கையெழுத்து வைத்து, அறையின் நாலு சுவரையும் அன்றைக்கே ஃபோட்டோ எடுத்து வைக்கவேண்டும். வாடகை வங்கி மூலம் போகவேண்டும். "கடதாசி கேட்டால் நம்பிக்கை இல்லை என்று நினைப்பினம்" என்று பிள்ளை கூச்சப்படும். அதனால்தான் பிள்ளை கேட்கக்கூடாது, நாங்கள் கேட்கவேண்டும். இங்கே வளர்ந்த எங்களுக்கு அந்தக் கூச்சம் குறைவு. "உவை இங்கத்தையப் பிள்ளையள், அப்பிடித்தான்" என்று எங்களை மன்னித்துவிடுவார்கள். அந்த மன்னிப்பை நல்ல காரியத்துக்குப் பயன்படுத்துவோம்.

மூன்று இடத்தில் மட்டும் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கோ. ஒன்று, "இந்த முகவரியை ஒருத்தருக்கும் குடுக்க வேண்டாம், கடிதம் வரக்கூடாது" என்று சொல்கிற வீடு. வங்கிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் முகவரி கொடுக்காமல் ஒரு பிள்ளை இந்த நாட்டில் வாழமுடியாது. அப்படிச் சொல்கிறவருக்கு அறை கொடுக்கவே உரிமை இல்லாமல் இருக்கலாம். கவுன்சில் வீட்டை முழுதாக வேறு ஆளுக்குக் கைமாற்றி வாடகை வாங்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வீடு யாருடைய பெயரில் என்று காணிப் பதிவகத்தில் 7 பவுண் கட்டிப் பார்க்கலாம். இரண்டு, அறையைக் காட்டுமுன் காசு அனுப்பச் சொல்வது. மூன்று, ஒரே வீட்டில் அறைக்கு இரண்டு பேராக நிறைத்து வைத்திருப்பது. இரண்டு குடும்பங்களாவது சேர்ந்து ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் பகிர்ந்து வாழ்கிற வாடகை வீட்டுக்குப் பொதுவாகக் கவுன்சில் உரிமம் வேண்டும். சில கவுன்சில்கள் சின்ன வீடுகளுக்கும் கேட்கும்.

முழு வீடு எடுக்கிற இளம் தம்பதிகள் எங்களிடம் பிணை நிற்கச் சொல்லிக் கேட்பதும் உண்டு. நில்லுங்கோ, ஆனால் எவ்வளவு தொகைக்கு, எந்தத் திகதி வரை என்று எழுதி வாங்கிக்கொண்டு நில்லுங்கோ. முடிவுத் திகதி இல்லாத வாடகைக்கு எல்லை இல்லாத பிணை கொடுத்தால், உங்கள் பிள்ளையின் படிப்புக் காசும் அதற்குள் போகலாம்.

நாங்களே வீட்டுக்காரர் என்றால்

இதை வாசிக்கிறவர்களில் சிலர் அறை தேடுகிறவர்கள் இல்லை, அறை கொடுக்கிறவர்கள். மோர்ட்கேஜ் வட்டி ஏறின பிறகு அந்த எண்ணிக்கை குறைந்திருக்காது. நீங்கள் வாழும் வீட்டில் தளபாடத்தோடு அறை கொடுத்து வருடம் 7,500 பவுண் வரை வந்தால் வருமான வரி இல்லை. அதனால் காசைக் கையில் வாங்கி மறைக்கத் தேவையும் இல்லை. வருகிறவரின் விசா நிலையை அரசாங்கத் தளத்தில் ஷெயார் கோட் வைத்துப் பாருங்கோ. பார்க்காமல் உரிமையில்லாதவருக்குக் கொடுத்தால், லொட்ஜர் ஒருவருக்கு முதல் தடவையே 5,000 பவுண் வரை அபராதம். கேஸ் பரிசோதனை வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம். மோர்ட்கேஜ் கொடுத்தவருக்கும் வீட்டுக் காப்புறுதிக்கும் சொல்லிவிடுங்கோ. இரண்டு லொட்ஜர் வரை குடும்ப வீடு. மூன்றாவது ஆளை எடுத்தால் அது பகிர்வு வீட்டுச் சட்டத்துக்குள் போகும்.

இவ்வளவுக்கும் மேலே ஒன்று உண்டு: உங்கள் மகளையோ மகனையோ அந்த அறையில் ஒரு ஜனவரி இரவு படுக்க விடுவீங்களா? இல்லை என்றால் அதற்கு வாடகை வாங்காதேயுங்கோ.

அடுத்த முறை யாருக்காவது அறை பார்க்கப் போகும்போது பதினாறு வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கோ. அலுமாரியை இழுப்பது, விசிறியில் தாளை ஒட்டுவது, "டிபொசிட் எந்தத் திட்டத்தில் இருக்கும்?" என்று கேட்பது எல்லாம் அவர்களே செய்யட்டும். இன்னும் இரண்டு வருடத்தில் லீட்ஸிலோ மன்செஸ்டரிலோ அவர்களும் ஒரு வாடகை வீட்டின் வாசலில் நிற்பார்கள், பக்கத்தில் நாங்கள் இருக்கமாட்டோம்.